எஃப்எம்ஆர்1 ஜீன் டெஸ்ட் எழுதிக் கொடுத்திருக்கிறார்களா? போவதற்கு முன் இதைப் படியுங்கள்

பையனுக்குப் பேச்சு தாமதம், ஒரு இடத்தில் உட்கார மாட்டேன் என்கிறான், முகம் பார்த்துப் பேசுவதில்லை, கையை உதறிக்கொண்டே இருக்கிறான் என்று டாக்டரிடம் போனால் பெரும்பாலும் "ஆட்டிசம் மாதிரி தெரியுது, தெரபிக்குப் போங்க" என்பதோடு முடிந்துவிடும். கொஞ்சம் தோண்டிப் பார்க்கிற டாக்டராக இருந்தால் கூடவே ஒரு ஜீன் டெஸ்ட்டும் எழுதுவார். சீட்டில் ஃப்ராஜைல் எக்ஸ் என்றோ எஃப்எம்ஆர்1 என்றோ இருக்கும். முதலாவது நோயின் பெயர், இரண்டாவது அதற்குக் காரணமான ஜீனின் பெயர். எந்த லேபில் கேட்பது, என்ன காகிதம் வேண்டும், ரிப்போர்ட்டில் வரும் எண்ணுக்கு என்ன அர்த்தம், அப்புறம் யார் யாரெல்லாம் டெஸ்ட் எடுக்க வேண்டும் என்பதையெல்லாம் யாரும் உட்கார வைத்துச் சொல்வதில்லை. எங்கள் வீட்டில் இது முடிவதற்குள் தேவையில்லாத பணமும் அதைவிட அதிகமாக நேரமும் போனது. உங்களுக்கு அது வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை, ஒரு அம்மா. மருந்து, சிகிச்சை பற்றிய முடிவுகளை உங்கள் டாக்டரோடு பேசியே எடுங்கள்.

முதலில் இந்த ஜீன் என்ன செய்கிறது என்பதை மட்டும் புரிந்துகொள்ளுங்கள். இது புரியாவிட்டால் அடுத்து வரும் படிகளில் எந்த டெஸ்ட் சரி, எது வீண் என்று உங்களால் பிரித்துப் பார்க்க முடியாது.

1. ஜீன் செய்யும் வேலை

எஃப்எம்ஆர்1 என்பது எக்ஸ் குரோமோசோமில் இருக்கும் ஒரு ஜீன். அது எஃப்எம்ஆர்பி என்ற புரதத்தை உண்டாக்குகிறது. நம் செல்லில் டிஎன்ஏவில் இருக்கும் தகவல் ஆர்என்ஏவாக நகலெடுக்கப்பட்டு, அந்த ஆர்என்ஏவைப் படித்துத்தான் புரதம் தயாராகிறது. எஃப்எம்ஆர்பியின் வேலை அந்த ஆர்என்ஏக்களில் குறிப்பிட்ட சிலவற்றைப் பிடித்துக்கொண்டு, "இப்போது வேண்டாம், சொல்லும்போது செய்யலாம்" என்று புரதத் தயாரிப்பை நிறுத்தி வைப்பது. முக்கியமாக மூளை நரம்பு செல்கள் ஒன்றோடொன்று இணையும் இடங்களில் இது நடக்கிறது. அடுப்பைச் சிம்மில் வைத்துவிட்டுப் பக்கத்திலேயே நிற்கும் கை என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கை இல்லையென்றால் தேவையில்லாத நேரத்திலும் புரதம் தயாராகிக்கொண்டே இருக்கும். கற்றுக்கொள்ளும்போது இணைப்புகள் பக்குவப்பட வேண்டிய விதத்தில் பக்குவப்படாது. பேச்சுத் தாமதம், கவனக் குறைவு, பதற்றம், சத்தமும் கூட்டமும் தாங்க முடியாமை எல்லாம் இங்கிருந்துதான் வருகின்றன.

கோளாறு பெரும்பாலும் புரதத்தை எழுதும் பகுதியில் இருப்பதில்லை. ஜீனின் தொடக்கத்தில், புரதமாக மாறாத ஒரு பகுதியில், சிஜிஜி என்ற மூன்றெழுத்து திரும்பத் திரும்ப வரும். எல்லோருக்கும் வரும், எத்தனை தடவை என்பதில்தான் விஷயம். இருநூறைத் தாண்டிவிட்டால் அந்த இடத்தில் மெத்தைல் குறிகள் (ஜீனை அணைத்து வைக்கும் வேதிக் குறிகள்) ஏறி ஜீனே மூடிக்கொள்கிறது. புரதம் கெட்டுப்போய் வருவதில்லை, வருவதே இல்லை. இதை மனதில் வையுங்கள், படி 3-ல் பணத்தை மிச்சப்படுத்தப் போவது இதுதான்.

ஐம்பத்தைந்துக்கும் இருநூறுக்கும் நடுவில் இருப்பவர்களுக்குக் கதை வேறு. அவர்களுக்கு ஜீன் திறந்துதான் இருக்கிறது. சொல்லப்போனால் வழக்கத்தைவிட அதிகமாக ஆர்என்ஏ வருகிறது, அந்தக் கூடுதல் ஆர்என்ஏவே வயதான பிறகு செல்லுக்குச் சுமையாகிறது. அதனால் அவர்களுக்குக் குழந்தைப் பருவத்தில் பெரிதாக எதுவும் தெரியாது, பிற்பாடு வேறு வகைத் தொந்தரவுகள் வரலாம். அது படி 7-ல்.

2. யாருக்கு இந்த டெஸ்ட் தேவை

காரணம் தெரியாத வளர்ச்சித் தாமதம், அறிவுத்திறன் குறைபாடு, ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் யாருக்கும் இது கேட்கப்பட வேண்டிய டெஸ்ட். பையன், பெண் இருவருக்கும்தான். பெண்களுக்கு இரண்டு எக்ஸ் இருப்பதால் பாதிப்பு மிதமாக இருக்கலாம், கணக்கில் மட்டும் திணறுகிற, கூச்சம் அதிகமுள்ள பெண் என்று விட்டுவிடுவார்கள்.

நீண்ட முகம், பெரிய காது, எளிதில் வளையும் விரல்கள், தட்டைப் பாதம் என்று அடையாளம் சொல்வார்கள். சின்ன வயதில் இதெல்லாம் தெளிவாகத் தெரியாது. "முகத்தைப் பார்த்தால் அப்படித் தெரியலையே" என்று யாராவது சொன்னால் அதை வைத்து டெஸ்ட்டைத் தள்ளிப் போடாதீர்கள். அடிக்கடி காது சீழ் வந்த வரலாறு இருந்தால் அதை டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

இன்னொன்று, நம் ஊரில் எதற்கெடுத்தாலும் "சொந்தத்தில் கட்டியதால்" என்று சொல்லிவிடுவார்கள். இந்த நோய்க்கும் சொந்தத்தில் கட்டியதற்கும் சம்பந்தமில்லை. அன்னியத்தில் கட்டியவர்களுக்கும் இதே போல வரும். சொந்தத்தில் கட்டவில்லை என்பதற்காக டெஸ்ட் வேண்டாம் என்று நினைப்பதும் தப்பு.

3. டெஸ்ட்டின் பெயரைச் சரியாக எழுதி வாங்குங்கள்

பணம் வீணாவது பெரும்பாலும் இங்கேதான். "ஜெனெடிக் டெஸ்ட்" என்று பொதுவாக எழுதிய சீட்டோடு போனால் லேபில் தங்களிடம் இருக்கிற பெரிய பேக்கேஜைக் காட்டுவார்கள். எங்களுக்கு நடந்தது அதுதான்: முதலில் விலை உயர்ந்த எக்சோம் டெஸ்ட், அது நார்மல் என்று வந்தது, அதோடு விஷயம் முடிந்ததாகச் சொல்லப்பட்டது. முடியவில்லை. எக்சோம் புரதம் எழுதும் பகுதிகளில் எழுத்துப் பிழை தேடுகிற டெஸ்ட். சிஜிஜி திரும்ப வருவது அந்தப் பகுதிக்கு வெளியே, அதுவும் எண்ணிக்கையில் நடக்கிற மாற்றம். வழக்கமான எக்சோம் அதைப் பிடிக்காது.

அதே போலக் கேரியோடைப் எனப்படும் குரோமோசோம் டெஸ்ட்டையும், குரோமோசோமில் சிறு துண்டு குறைவா கூடுதலா என்று பார்க்கும் மைக்ரோஅரேயையும் நம்பி இதை ஒதுக்கிவிட முடியாது. அவை வேறு காரணங்களைத் தேட நல்ல டெஸ்ட்டுகள்தான், டாக்டர் எழுதினால் எடுங்கள். ஆனால் அவை நார்மல் என்பதால் ஃப்ராஜைல் எக்ஸ் இல்லை என்று ஆகாது.

சீட்டில் இருக்க வேண்டியது: எஃப்எம்ஆர்1 சிஜிஜி ரிபீட் டெஸ்ட், ட்ரிப்லெட் பிரைம்டு பிசிஆர் (நீளமான ரிபீட்டையும் பிடிக்கும் முறை) முறையில், தேவைப்பட்டால் மெத்திலேஷன் டெஸ்ட் (மெத்தைல் குறி ஏறியிருக்கிறதா என்று பார்ப்பது) அல்லது சதர்ன் பிளாட்டுடன் (ரிபீட்டின் நீளத்தை வேறு விதத்தில் அளக்கும் முறை). லேபில் போன் செய்து இந்த மூன்றைக் கேளுங்கள். எந்த முறையில் செய்கிறீர்கள்? இருநூறுக்கு மேல் இருந்தால் பிடிபடுமா? மெத்திலேஷன் அதே விலைக்குள் வருமா, தனியாகக் கட்ட வேண்டுமா?

முதல் கேள்வி ஏன் முக்கியம் என்றால், பிசிஆர் என்பது டிஎன்ஏவின் ஒரு பகுதியைப் பெருக்கிப் பார்ப்பது, சாதாரண பிசிஆரில் நீளமான ரிபீட் பெருகாமல் போய்விடும். பையனாக இருந்தால் ஒன்றுமே வராது, சந்தேகம் வந்து மேலே பார்ப்பார்கள். பெண்ணாக இருந்தால் இன்னொரு எக்ஸில் இருக்கும் நல்ல எண் மட்டும் வரும். அதைப் பார்த்துவிட்டு "இரண்டிலும் ஒரே எண், நார்மல்" என்று ரிப்போர்ட் வந்துவிட வாய்ப்பிருக்கிறது. பெண் குழந்தைக்கோ அம்மாவுக்கோ ஒரே எண் மட்டும் வந்தால், வேறொரு முறையில் உறுதிப்படுத்தினார்களா என்று கேட்காமல் ரிப்போர்ட்டை வாங்காதீர்கள்.

தனியார் லேபுகள் பலவற்றில் இந்த டெஸ்ட் இருக்கிறது. மருத்துவ மரபியல் துறை உள்ள பெரிய நிறுவனங்களும் உண்டு: வேலூர் சிஎம்சி, ஹைதராபாத் சிடிஎஃப்டி, பெங்களூரு நிம்ஹான்ஸ், லக்னோ எஸ்ஜிபிஜிஐ. மரபியல் டாக்டரையும் ஒரே இடத்தில் பார்க்க முடியும் என்பதுதான் அங்கே போவதில் லாபம். போவதற்கு முன் இப்போது இந்த டெஸ்ட் செய்கிறார்களா, வெளியிலிருந்து ரத்தம் அனுப்பினால் எடுப்பார்களா என்று கேட்டுவிட்டுப் போங்கள்.

4. கையில் இருக்க வேண்டிய காகிதங்கள்

டாக்டரின் சீட்டு, குழந்தையின் ஆதார் நகல், அம்மா அப்பா ஆதார் நகல், பிறந்தபோது கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரி, இதுவரை எடுத்த ரிப்போர்ட்டுகள் (இஇஜி, எம்ஆர்ஐ, காது டெஸ்ட், தைராய்டு, எது இருந்தாலும்), தெரபி சென்டரின் மதிப்பீடு. லேபில் ஒரு ஒப்புதல் படிவம் தருவார்கள், அதில் பெற்றோர் கையெழுத்துப் போட வேண்டும்.

பெயர் விஷயத்தில் கறாராக இருங்கள். நம் ஊர் இனிஷியல் படுத்தும் பாடு இருக்கிறதே! சீட்டில் "எஸ். கார்த்திக்", ஆதாரில் "கார்த்திக் சுப்பிரமணியன்", பிறப்புச் சான்றிதழில் "கார்த்திக் எஸ்" என்று இருந்தால் டெஸ்ட்டுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் பிற்பாடு மாற்றுத்திறனாளி சான்றிதழுக்கும் காப்பீட்டுக்கும் இதே ரிப்போர்ட்டை வைக்கும்போது ஒவ்வொரு கவுன்டரிலும் திருப்பி அனுப்புவார்கள். ஆதாரில் இருக்கிறபடியே லேபில் எழுதச் சொல்லுங்கள், பில் போடும்போதே திரையைப் பார்த்துச் சரிசெய்யுங்கள். ரிப்போர்ட் வந்த பிறகு பெயர் மாற்றுவது பெரிய தலைவலி.

அப்புறம் ஒரு குடும்ப வரைபடம். இதை யாரும் முன்கூட்டியே கேட்க மாட்டார்கள், மரபியல் டாக்டரின் அறையில் உட்கார்ந்த பிறகுதான் கேட்பார். "அம்மாவோட அண்ணனுக்கு என்ன வயசு, கை நடுக்கம் இருந்ததா, சித்திக்கு மாதவிடாய் எப்போ நின்னுச்சு" என்று வரிசையாக வரும், நமக்குப் பாதி தெரியாது. வீட்டிலிருந்தே மூன்று தலைமுறைக்கு எழுதிக்கொண்டு போங்கள். முக்கியமாகக் குழந்தையின் அம்மா வழியில்: படிப்பு வராத ஆண் பிள்ளைகள், நாற்பது வயதுக்குள் மாதவிடாய் நின்ற பெண்கள், குழந்தை இல்லாதவர்கள், ஐம்பதுக்கு மேல் கை நடுக்கமோ நடையில் தள்ளாட்டமோ வந்த ஆண்கள். "பார்க்கின்சன்" என்று சொல்லப்பட்ட தாத்தாவையும் குறியுங்கள்.

5. ரத்தம் கொடுக்கும் நாள்

வெறும் வயிறு தேவையில்லை. குழந்தைக்குச் சாப்பாடு கொடுத்தே கூட்டிப் போங்கள், பசியோடு இருக்கும் பிள்ளைக்கு ஊசி போடுவது எல்லோருக்கும் சோதனை. சில மில்லி ரத்தம்தான் எடுப்பார்கள். ஊதா மூடி போட்ட இடிடிஏ குழாயில் எடுக்க வேண்டும். பச்சை மூடிக் குழாய் குரோமோசோம் டெஸ்ட்டுக்கானது. சின்ன ஊர் கலெக்‌ஷன் சென்டரில் இந்த டெஸ்ட் அபூர்வமாக வருவதால் ஊழியருக்கே சந்தேகம் இருக்கும், நீங்களே மூடியின் நிறத்தைப் பாருங்கள். குழாயில் பெயரும் தேதியும் உங்கள் கண் முன்னால் எழுதப்பட வேண்டும். சமீபத்தில் ரத்தம் ஏற்றியிருந்தால் சொல்லுங்கள்.

சத்தம் தாங்காத பிள்ளையாக இருந்தால் காலை முதல் ஆளாகப் போவது நல்லது. கூட்டம் இருக்காது. வீட்டுக்கு வந்து ரத்தம் எடுக்கும் வசதி உண்டா என்றும் கேட்டுப் பாருங்கள், பல இடங்களில் உண்டு, அதற்கென்று தனியாகக் கொஞ்சம் வாங்குவார்கள்.

அதே நாளில் அம்மாவின் ரத்தத்தையும் எடுத்துவிடலாமா என்ற கேள்வி வரும். என் கருத்து, முதலில் குழந்தைக்கு மட்டும் போதும். அங்கே ஒன்றும் இல்லையென்றால் அம்மாவுக்கு எடுத்த காசு வீண். மறுபடி கர்ப்பமாக இருந்தால் மட்டும் இரண்டையும் சேர்த்தே எடுங்கள், அப்போது காத்திருக்க நேரமில்லை.

6. செலவும் நேரமும்

விலை லேபுக்கு லேப் வித்தியாசப்படும், அதனால் ஒரே எண்ணைச் சொல்லி உங்களை ஏமாற்ற விரும்பவில்லை. பிசிஆர் மட்டும் என்றால் சில ஆயிரங்களில் முடியும், மெத்திலேஷன் அல்லது சதர்ன் பிளாட் சேரும்போது கூடும். எக்சோமைவிடக் கண்டிப்பாகக் குறைவு. டெஸ்ட் பில்லோடு மரபியல் டாக்டர் கட்டணம், மரபியல் ஆலோசனை, வெளியூர் என்றால் போக்குவரத்து, தங்குமிடம் எல்லாம் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். அம்மாவுக்கு ஒரு டெஸ்ட், அப்புறம் சொந்தங்களுக்கு என்று பின்னால் வரும் செலவையும் மறக்காதீர்கள். ஒரே குடும்பத்தில் பலர் எடுக்கிறோம் என்று சொன்னால் சில லேபுகள் குறைத்துத் தருகின்றன, கூச்சப்படாமல் கேளுங்கள்.

ரிப்போர்ட் வர இரண்டு மூன்று வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள், சதர்ன் பிளாட் போனால் அதற்கு மேலும் இழுக்கும். "எத்தனை நாள்" என்பதற்குப் பதிலாக "எந்தத் தேதி" என்று கேட்டு, பில்லிலேயே எழுதி வாங்குவது நல்லது. இடைப்பட்ட நேரத்தில் தெரபியை நிறுத்தாதீர்கள். ரிப்போர்ட் எப்படி வந்தாலும் பேச்சுப் பயிற்சியும் ஆக்குபேஷனல் தெரபியும் தேவைதான்.

7. ரிப்போர்ட்டைப் படிப்பது

பையனுக்கு ஒரு எண் இருக்கும், பெண்ணுக்கு இரண்டு. 44 வரை சாதாரணம். 45 முதல் 54 வரை இடைநிலை, இதனால் நோய் வராது. 55 முதல் 200 வரை ப்ரீமியூட்டேஷன். 200-க்கு மேல் ஃபுல் மியூட்டேஷன், அதாவது படி 1-ல் சொன்ன, ஜீன் மூடிக்கொண்ட நிலை. எண்ணில் ஒன்றிரண்டு முன்பின் இருப்பது டெஸ்ட் முறையின் இயல்பு. ஒரு லேபில் 30, இன்னொன்றில் 31 என்றால் சண்டைக்குப் போக வேண்டாம்.

மொசைக் என்று போட்டிருந்தால் சில செல்களில் இருநூறுக்கு மேல், சிலவற்றில் குறைவு, அல்லது சிலவற்றில் மட்டும் மெத்தைல் குறி இல்லை என்று பொருள். அப்படிப்பட்ட பிள்ளைகளுக்குக் கொஞ்சம் புரதம் வருவதால் பாதிப்பு சற்றுக் குறைவாக இருக்கலாம். எண் எவ்வளவு பெரிதோ அவ்வளவு மோசம் என்று மட்டும் கணக்குப் போடாதீர்கள். 400, 800 என்று பார்த்து அழுபவர்கள் இருக்கிறார்கள். ஜீன் முழுதாக மூடிய பிறகு 400-க்கும் 800-க்கும் வித்தியாசம் தேடுவதில் அர்த்தமில்லை.

எண் சாதாரணமாக வந்தும் டாக்டருக்கு விடாத சந்தேகம் இருந்தால், ஜீனின் ஒரு பகுதி காணாமல் போயிருக்கிறதா, உள்ளே எழுத்துப் பிழையா என்று தனியாகத் தேடச் சொல்வார். ஃப்ராஜைல் எக்ஸ் உள்ளவர்களில் இப்படி வருபவர்கள் மிகக் குறைவு, நூற்றில் ஒருவர்கூட இல்லை.

ப்ரீமியூட்டேஷன் வந்தால் அதைப் பிள்ளையின் வளர்ச்சித் தாமதத்துக்குக் காரணம் என்று உடனே முடிவு கட்டாதீர்கள், வேறு காரணத்தையும் தேட வேண்டியிருக்கும். பெரியவர்களுக்கு அது வேறு இரண்டு விஷயங்களைச் சொல்கிறது. பெண்களில் சுமார் ஐந்தில் ஒருவருக்கு நாற்பது வயதுக்கு முன்பே சினைப்பை செயலிழக்கிறது. ஐம்பது தாண்டிய ஆண்களில் பத்துக்கு நான்கு பேர் வரை கை நடுக்கம், நடையில் தள்ளாட்டம், ஞாபகக் குறைவு என்று வரலாம், பெண்களில் அது குறைவு.

8. அடுத்து அம்மா, அப்புறம் அம்மா வழிச் சொந்தம்

பிள்ளைக்கு ஃபுல் மியூட்டேஷன் என்றால் அது அம்மாவிடமிருந்து வந்தது. அம்மாவுக்கு ப்ரீமியூட்டேஷனோ ஃபுல் மியூட்டேஷனோ இருந்தே ஆகும். "இருக்கிறதா" என்று பார்க்க அம்மாவுக்கு டெஸ்ட் எடுப்பதில்லை, எண் எவ்வளவு என்று பார்க்கத்தான். அடுத்த குழந்தைக்கு எவ்வளவு வாய்ப்பு என்பது அந்த எண்ணைப் பொறுத்தது. அறுபதுகளில் இருந்தால் அடுத்த தலைமுறையில் ஃபுல் மியூட்டேஷனாக விரியும் வாய்ப்பு குறைவு, நூறைத் தாண்டினால் அந்த எக்ஸ் போய்ச் சேரும் பிள்ளைக்கு அநேகமாக விரிந்துவிடும். சிஜிஜி வரிசைக்கு நடுவே ஏஜிஜி என்ற இடைவெளிகள் எத்தனை என்று சில லேபுகள் சொல்லும். ஏஜிஜி இருந்தால் விரியும் வாய்ப்பு குறைகிறது. எண் சிறியதாக இருக்கும்போது அந்தத் தகவலுக்குக் கூடுதல் பணம் கட்டுவது பிரயோஜனமே.

வீட்டில் இது "உன்னாலதான்" என்று மாறிவிடும் இடம். அதற்கு ஒரு பதில் வைத்துக்கொள்ளுங்கள். ப்ரீமியூட்டேஷன் உள்ள ஆண் தன் மகள்கள் எல்லோருக்கும் அதைக் கொடுக்கிறார், மகன்களுக்குக் கொடுப்பதில்லை. அவரிடமிருந்து போகும்போது அது ப்ரீமியூட்டேஷனாகவே போகும், மகளுக்குச் சின்ன வயதில் வெளியே ஒன்றும் தெரியாது. அப்புறம் மகளிடமிருந்து பேரனுக்குப் போகும்போது விரிகிறது. அதாவது நன்றாகப் படித்து, வேலை பார்த்து, ரிடையர் ஆன ஒரு தாத்தாவிடமிருந்து, யாருக்கும் தெரியாமல் வந்து சேர்ந்திருக்கலாம். யார் மேலும் பழி போட இதில் இடமே இல்லை.

சொந்தங்களிடம் சொல்லுவதுதான் டெஸ்ட்டைவிடக் கஷ்டம். கல்யாணத்துக்கு இருக்கும் பெண்கள் இருக்கும் வீட்டில் இதைச் சொன்னால் முகம் மாறிவிடும். ஆனால் சொல்லாமல் விட்டால் இன்னொரு வீட்டில் இதே அலைச்சல். குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போடாதீர்கள். ஒவ்வொருவரிடமும் தனியாக, முதலில் அக்கா தங்கைகளிடம், இப்படிச் சொல்லலாம்:

"அக்கா, என் பையனுக்கு எடுத்த டெஸ்ட்ல எஃப்எம்ஆர்1னு ஒரு ஜீன்ல மாற்றம் இருக்குன்னு வந்திருக்கு. எனக்கும் எடுத்தோம், எனக்கும் இருக்கு. நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே அப்பா அம்மா, அதனால உனக்கும் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். ஒரு ரத்த டெஸ்ட்தான். என் ரிப்போர்ட்டை அனுப்புறேன், நீ டாக்டர்கிட்ட காட்டு. யார்கிட்டயும் நான் சொல்லல, நீ சொல்ற வரைக்கும் சொல்லவும் மாட்டேன்."

கடைசி வாக்கியம்தான் முக்கியம். அதைக் கேட்ட பிறகுதான் எதிர்முனையில் பேச்சு இயல்பாகும். உங்கள் ரிப்போர்ட் நகல் இருந்தால் அவர்களுக்கு எந்த டெஸ்ட் வேண்டும் என்று லேபில் குழப்பமே இருக்காது.

9. அடுத்த குழந்தை வேண்டுமென்றால் தேதிகள்

கர்ப்பம் தரிப்பதற்கு முன்பே அம்மாவின் எண் கையில் இருக்க வேண்டும். கர்ப்பமான பிறகு ஆரம்பித்தால் நாட்கள் ஓடிவிடும். வழக்கமாக எடுக்கும் டபுள் மார்க்கர், என்ஐபிடி (இரண்டும் அம்மாவின் ரத்தத்தில் செய்வது), ஐந்தாம் மாத ஸ்கேன் எதிலும் இது தெரியாது. "எல்லா டெஸ்ட்டும் எடுத்தாச்சு, நார்மல்" என்பதில் இது சேராது.

கருவில் பார்க்க இரண்டு வழி. பதினோராவது வாரத்துக்கு மேல் சிவிஎஸ், நஞ்சுக்கொடியில் சிறு துணுக்கு எடுப்பது. பதினாறாவது வாரத்தை ஒட்டி பனிக்குட நீர் எடுக்கும் அம்னியோசென்டெசிஸ். சிவிஎஸ்ஸில் முன்பே தெரியும் என்பது நல்லது, ஆனால் அந்தக் கட்டத்தில் மெத்தைல் குறிகள் முழுதாக ஏறியிருக்காது, எண்ணை வைத்துத்தான் முடிவு சொல்வார்கள், சில சமயம் அம்னியோவால் உறுதிப்படுத்தச் சொல்வார்கள். இரண்டிலும் சிறிய அளவு கருச்சிதைவு அபாயம் உண்டு. அம்மாவின் ரத்தமும் கூடவே எடுப்பார்கள், அம்மாவின் செல் கலந்திருக்கிறதா என்று பார்க்க. அதற்குத் தனிக் கட்டணமா என்று கேளுங்கள்.

இந்தச் சோதனை பதிவு பெற்ற மையத்தில் மட்டுமே செய்ய முடியும். கருவின் பாலினம் பார்ப்பதைத் தடுக்கும் பிசிபிஎன்டிடி சட்டப்படி ஜி படிவத்தில், உங்களுக்குப் புரியும் மொழியில் ஒப்புதல் வாங்கி, அதன் நகலை உங்களிடம் தர வேண்டும். பிள்ளையின் ரிப்போர்ட்டையும் உங்கள் ரிப்போர்ட்டையும் எடுத்துப் போங்கள், சோதனைக்கான காரணமே அவைதான். கரு ஆணா பெண்ணா என்று சொல்ல மாட்டார்கள், கேட்கவும் கூடாது.

ரிப்போர்ட் வந்து என்ன முடிவு என்பது உங்கள் இருவருடையது, நான் அதில் வாய் திறக்கப் போவதில்லை. கருக்கலைப்புக்கான சட்டக் கெடு மட்டும் தெரிந்திருக்கட்டும்: 2021 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு இருபது வாரம் வரை ஒரு டாக்டரின் கருத்து போதும், இருபதிலிருந்து இருபத்துநான்கு வரை குறிப்பிட்ட சில பிரிவினருக்கு இரண்டு டாக்டர்கள், அதற்கு மேல் மருத்துவக் குழு. அம்னியோவை பதினெட்டாவது வாரத்துக்குத் தள்ளிவிட்டு, ரிப்போர்ட்டுக்கு மூன்று வாரம் காத்திருந்தால் எங்கே போய் நிற்போம் என்று விரல் விட்டு எண்ணிப் பாருங்கள்.

ஐவிஎஃப் மூலம் கருவைச் சோதித்து வைக்கும் வழியும் இருக்கிறது. லட்சக்கணக்கில் ஆகும், அதோடு ப்ரீமியூட்டேஷன் உள்ள பெண்களுக்குச் சினைமுட்டை குறைவாக இருக்கலாம். அதனால் முதலில் சினைமுட்டை இருப்பைக் காட்டும் ஏஎம்எச் டெஸ்ட் எடுத்துப் பார்த்துவிட்டுப் பணத்தைப் பற்றி யோசியுங்கள்.

10. பிள்ளைக்கு இப்போது என்ன

மூடிய ஜீனைத் திறக்கும் மருந்து இன்றைக்கு இல்லை. எலியில் அருமையாக வேலை செய்த சில மருந்துகள் மனிதர்களிடம் நடந்த சோதனைகளில் தேறவில்லை. ஸ்டெம் செல், மூளைக்கு ஊசி, ஆயிரக்கணக்கில் விற்கும் பவுடர் என்று யாராவது வந்தால் கதவைச் சாத்துங்கள். ரிப்போர்ட் வந்த புதிதில் நம் மனம் இருக்கும் நிலையில் எதை வேண்டுமானாலும் வாங்குவோம், அது அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

பதற்றம், கவனமின்மை, தூக்கம் இவற்றுக்கு மருந்து உண்டு, டாக்டர் முடிவு செய்வார். காதும் கண்ணும் பார்க்க வேண்டும். முறைத்துப் பார்ப்பது, திடீரென்று உறைந்து நிற்பது போல இருந்தால் வலிப்பா என்று இஇஜி எடுப்பார்கள். தெரபிக்குத் தனியாரில் மாதாமாதம் கட்ட முடியவில்லை என்றால், ஆர்பிஎஸ்கே என்ற அரசுக் குழந்தை நலத் திட்டத்தின் கீழ் இருக்கும் டிஇஐசி மையத்தை (மாவட்ட ஆரம்பநிலைச் சிகிச்சை மையம்) கேளுங்கள். பதினெட்டு வயது வரையிலான பிள்ளைகளுக்கான இலவசத் திட்டம் அது, மாவட்ட அளவில் அரசு மருத்துவமனைகளில் இயங்குகிறது.

11. அரசுக் காகிதங்கள்

ஜீன் ரிப்போர்ட்டைக் காட்டினால் மாற்றுத்திறனாளி சான்றிதழ் கிடைத்துவிடும் என்று நினைக்காதீர்கள். சதவீதம் போடுவது பிள்ளையால் என்ன செய்ய முடிகிறது என்ற மதிப்பீட்டை வைத்துத்தான். அறிவுத்திறன் சோதனையும் சமூக முதிர்ச்சிச் சோதனையும் எடுப்பார்கள். ஜீன் ரிப்போர்ட் துணைக் காகிதம். சோதனை நாளில் பிள்ளையைத் தயார் செய்து, மிட்டாய் கொடுத்து, நன்றாக நடந்துகொள்ள வைக்க வேண்டாம். வழக்கமாக எப்படி இருப்பானோ அப்படியே இருக்கட்டும்.

மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கான யுடிஐடி இணையதளத்தில் விண்ணப்பிக்கப் புகைப்படம், ஆதார், முகவரிச் சான்று வேண்டும். 40 சதவீதம் என்பதுதான் பெரும்பாலான சலுகைகளுக்கு வாசல். அட்டை வந்ததும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் பராமரிப்பு உதவித்தொகைக்கு எழுதிக் கொடுங்கள், அறிவுத்திறன் குறைபாட்டுக்குத் தமிழ்நாட்டில் மாதம் 2,000 ரூபாய். மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை நடத்தும் நிராமயா காப்பீடு 1 லட்சம் ரூபாய் வரை, அதில் தெரபிச் செலவும் வரும். பில்களைத் தூக்கிப் போடாமல் மாத வாரியாக வையுங்கள். சம்பளக்காரர் என்றால் வருமான வரியில் 80டிடி பிரிவில் 75,000 ரூபாய் கழிவு, கடுமையான பாதிப்பு என்றால் 1,25,000. பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு மட்டும்.

சிறு பிள்ளைகளுக்குத் தரும் சான்றிதழில் பெரும்பாலும் காலாவதித் தேதி இருக்கும். முடிவதற்குச் சில மாதம் முன்பே புதுப்பிக்க ஆரம்பியுங்கள், நடுவில் காலாவதியானால் உதவித்தொகை நின்று போகும், மறுபடி ஓட வைப்பது புதிதாக வாங்குவதைவிடச் சிரமம். பிள்ளைக்குப் பதினெட்டு ஆனதும் சட்டப்படி நீங்கள் தானாகவே பாதுகாவலர் ஆகிவிட மாட்டீர்கள், கலெக்டர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் சட்டப் பாதுகாவலர் சான்றிதழுக்கு விண்ணப்பிக்க வேண்டும். வங்கிக் கணக்குக்கும் சொத்துக்கும் அது இல்லாமல் நகராது.